ரேவ் காலத்துத் தொகுப்பு ஆல்பங்கள்: எல்லாருக்கும் தெரிந்த இசை ஏன் தேடினால் கிடைப்பதில்லை?

1991, 92 காலத்து ரேவ் இசையைத் தேடிப் போகிறவர்கள் சீக்கிரத்திலேயே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இசையோடு வளர்ந்தவர்கள் கலைஞர்களின் பெயரைவிட, பலரின் பாடல்களைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்புகளின் பெயரைத்தான் அதிகம் சொல்கிறார்கள்: 'டீப் ஹீட்', 'தின் ஐஸ்', 'கேயாஸ் தியரி', 'ரீஆக்டிவேட்', 'தண்டர்டோம்'. ஆனால் இப்படிப்பட்ட பெயர்களை ஸ்ட்ரீமிங் செயலியில் போட்டால் பல சமயம் மூல ஆல்பம் வருவதில்லை. யாரோ ஒரு ரசிகர் கோத்து வைத்த பட்டியல் வருகிறது. அதில் சில பாடல்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும், தொட்டால் ஓடாது. ஓடுகிற பாடலும் பழைய கேசட்டில் கேட்டதாக இருக்காது. நீளம் வேறு, சில சமயம் தாளமே வேறு.

இதற்கு யாருடைய கவனக்குறைவும் காரணம் இல்லை. அந்த இசை உருவான விதம், விற்கப்பட்ட விதம், அதன் உரிமை கைமாறிய விதம் மூன்றும் சேர்ந்துதான் இப்படி ஆகியிருக்கிறது. ராக் இசைக்கு ஆல்பம் எப்படியோ, ரேவ் இசைக்குத் தொகுப்பு அப்படி. அந்தக் காலம் முழுதாகப் பதிவாகியிருப்பது அங்கேதான். ஆனால் ஒவ்வொரு தொகுப்பும் சில ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கட்டிய வீடு. குத்தகை முடிந்ததும் வீடு போய்விட்டது.

## முதலில் சில சொற்கள்

ரேவ். 1980களின் கடைசியில் பிரிட்டனில் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் விடிய விடிய நடந்த நடனக் கூட்டங்கள். 1988 கோடையில் லண்டனின் ஷூம், மான்செஸ்டரின் ஹாசியெண்டா போன்ற கிளப்களில் ஆசிட் ஹவுஸ் மோகம் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 சாலையை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் கூட ஆரம்பித்தார்கள். இடம் எது என்பது கடைசி நேரத்தில் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால்தான் தெரியும்.

ஆசிட் ஹவுஸ். சிகாகோவில் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையிலிருந்து பிறந்தது. ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. கிடார் வாசிப்பவருக்குத் துணையாக பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, இசைப்பதுதான் அதன் வேலை. விற்பனை ஆகவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடைக்கு வந்த அந்தக் கருவியை பியூச்சர் என்ற சிகாகோ குழு எடுத்து, பாட்டு ஓடும்போதே அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டே போனது. நெளிந்து நெளிந்து போகும் அந்த ஒலிதான் 1987ல் வந்த 'ஆசிட் டிராக்ஸ்'. (இதே கருவியை 1982லேயே பம்பாயில் சரண்ஜித் சிங் ராகங்கள் வாசிக்கப் பயன்படுத்தியிருந்தார். சிகாகோவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் நம் பக்கத்து வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.)

பிரேக்பீட். பழைய ஃபங்க், சோல் இசைத்தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் இருக்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அது பிரேக்பீட்.

ஹார்ட்கோர். ஆசிட் ஹவுஸ், பெல்ஜியத்தின் முரட்டு டெக்னோ (அமெரிக்காவின் டெட்ராய்டில் தொடங்கிய மின்னணு நடன இசை), ஹிப்ஹாப் பிரேக்பீட், ஜமைக்கா ரெகேயின் பாஸ் இவை ஒன்றாகக் கலந்து 1990க்குப் பிறகு பிரிட்டனில் உருவான வேகமான இசை. ஒரு எச்சரிக்கை: நெதர்லாந்தில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. அதைக் கீழே பார்ப்போம். பழைய தொகுப்பு வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

12 அங்குல சிங்கிள், ஒயிட் லேபிள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாடல்கள் மட்டும் கொண்ட பெரிய இசைத்தட்டுதான் 12 அங்குல சிங்கிள். அதையே நடுவில் பெயர் அச்சிடாமல், சில நூறு பிரதிகள் மட்டும் அடித்து, கார் டிக்கியில் வைத்துக் கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒயிட் லேபிள்.

## ஆல்பம் போடாத இசை

இந்த இசையைச் செய்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்பவரை நினைத்துச் செய்யவில்லை. டிஜேயின் கையில் இருக்கும் ஒரு கருவியாகத்தான் ஒவ்வொரு பாடலும் அமைந்தது. தொடக்கத்தில் ஒரு நிமிடம் வெறும் தாளம் போகும். முந்தைய பாடலோடு ஒட்டவைப்பதற்கான இடம் அது. கடைசியிலும் அதே மாதிரி. இப்படி ஆறு நிமிடம் ஓடும் ஒரு பாடலைத் தனியாகக் கேட்டால் பாதிதான் புரியும்.

இரண்டாவது, வேகம். படுக்கையறையில் ஒரு அட்டாரி கணினி, ஒலித் துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் ஒரு அக்காய் சாம்ப்ளர், ஒரு சின்தசைசர். வெள்ளிக்கிழமை செய்த பாடல் இரண்டு வாரத்தில் கடைக்கு வந்துவிடும், இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். 1990ல் நிமிடத்துக்கு 120, 125 தாளத்தில் இருந்த இசை 1992ல் 140ஐத் தாண்டியது, 1993ல் 160ஐத் தொட்டது. ஒரு கலைஞர் பத்துப் பாடல் சேர்த்து ஆல்பம் போடுவதற்குள் முதல் பாடலின் காலம் முடிந்திருக்கும்.

மூன்றாவது, பெயர்கள். லண்டனின் டாலிஸ் ஹில் பகுதியிலிருந்து ரீஇன்ஃபோர்ஸ்டு லேபிளை (இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனத்தை) நடத்திய ஃபோர்ஹீரோ குழுவைப் பாருங்கள். அதில் இருந்த மார்க் மாக் 'மேனிக்ஸ்' என்ற பெயரிலும், டீகோ 'டெக் 9' என்ற பெயரிலும், இருவரும் சேர்ந்து 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரிலும் இசைத்தட்டுகள் போட்டார்கள். ஸ்டாஃபர்டைச் சேர்ந்த மார்க் ஆர்ச்சரும் கிறிஸ் பீட்டும் அமைதியான டெட்ராய்ட் பாணிக்கு 'நெக்சஸ் 21' என்றும், முகமூடியும் ரசாயனப் பாதுகாப்பு உடையும் மாட்டிக்கொண்டு ஆடும் ரேவ் இசைக்கு 'ஆல்டர்ன் 8' என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்பவருக்கு இவர்கள் எல்லாம் ஒரே ஆட்கள் என்று தெரியாது. கலைஞரைப் பின்தொடர்ந்து போக முடியாத இசையில், எது நல்லது என்று பொறுக்கித் தர யாராவது வேண்டும்.

தி பிராடிஜி 1992ல் முழு ஆல்பம் போட்டார்கள், உண்மைதான். அவர்கள் விதிவிலக்கு. மற்றவர்களில் பெரும்பாலானோரின் பெயர் வாழ்வது தொகுப்புகளில்தான்.

இதில் காசுக் கணக்கும் உண்டு. 12 அங்குலத் தட்டு ஒவ்வொன்றாக வாங்க எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையால் முடியும்? வாங்கினாலும் டிஜேக்களுக்கான அந்தக் கடைகள் லண்டன், மான்செஸ்டர் போன்ற நகரங்களில்தான் இருந்தன. சிறிய ஊர்ப் பிள்ளைக்குத் தெருமுனைக் கடையில் கிடைத்தது தொகுப்புக் கேசட். சில தட்டுகளின் விலைக்கு இருபது பாடல். ரேவுக்கே போகாமல் ரேவ் இசையோடு வளர்ந்த ஒரு தலைமுறை பிரிட்டனில் இருப்பது இதனால்தான்.

## இசைக்குப் பெயர் வைத்தவை

தொகுப்பு என்றால் ஏற்கெனவே இருப்பதை அள்ளிப் போடுவது என்று நினைக்கிறோம். நடன இசையில் தொகுப்புகள் அதைவிடப் பெரிய வேலையைச் செய்தன. இல்லாத எல்லைகளை வரைந்தன.

1986ல் லண்டன் ரெக்கார்ட்ஸ், சிகாகோவின் டிஜே இன்டர்நேஷனல் லேபிளின் பாடல்களை எடுத்து 'தி ஹவுஸ் சவுண்ட் ஆஃப் சிகாகோ' என்று வெளியிட்டது. அதே ஆண்டு ஃபார்லி ஜாக்மாஸ்டர் ஃபங்கின் 'லவ் கான்ட் டர்ன் அரவுண்ட்' பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் சில்க் ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' முதல் இடத்துக்கே போனது. சிகாகோவில் சில கிளப்களோடு நின்றிருந்த இசைக்கு அட்லாண்டிக்கின் பிரிட்டிஷ் கரையில் ஒரு முகவரி கிடைத்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. பர்மிங்ஹாமைச் சேர்ந்த நீல் ரஷ்டன் டெட்ராய்ட் இளைஞர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு அவர்களைத் தேடிப் போனார். அவர்களில் ஒருவரான டெரிக் மேயுடன் சேர்ந்து, விர்ஜின் நிறுவனத்தின் கிளையான டென் ரெக்கார்ட்ஸுக்காக ஒரு தொகுப்பு தயாரித்தார். முதலில் யோசித்த தலைப்பு 'ஹவுஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்'. சிகாகோவின் தம்பி என்கிற மாதிரி. அப்போது இன்னொரு டெட்ராய்ட் கலைஞர் ஹுவான் அட்கின்ஸ் கொடுத்த பாடலின் பெயர் 'டெக்னோ மியூசிக்'. அதைக் கேட்டபிறகு தலைப்பை மாற்றினார்கள். 1988ல் 'டெக்னோ! தி நியூ டான்ஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்' வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க ஓர் இசை வகையின் பெயராக 'டெக்னோ' இருப்பதற்கு அந்த அட்டை முக்கியமான காரணம். அதிலிருந்த 'பிக் ஃபன்' பாடலால் கெவின் சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. ஒரு தொகுப்பின் தலைப்பு மாறியதால் ஒரு நகரம் தனி மரபாக நிலைத்தது.

## 1989 ஜனவரி: விற்பனைப் பட்டியல் பிரிகிறது

இனி வருவது சாதாரண நிர்வாக முடிவு போலத் தோன்றும். ஆனால் விளைவு பெரிது.

1983 நவம்பரில் விர்ஜினும் இஎம்ஐயும் சேர்ந்து 'நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' தொடரைத் தொடங்கினார்கள். பல லேபிள்களின் வெற்றிப் பாடல்களை ஒரே ஆல்பத்தில் போட்டுத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் முறை அதோடு பெருவியாபாரமாகிவிட்டது. ஆல்பம் விற்பனைப் பட்டியலின் உச்சியை இந்தத் தொகுப்புகளே பிடித்துக்கொண்டன. தனிக் கலைஞர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் 1989 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் தொகுப்புகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்தார்கள்.

தனிப் பட்டியல் வந்ததும் தொகுப்பு நிறுவனங்களுக்குத் தனி மைதானம் கிடைத்தது. அவர்களுக்குள்ளேயே போட்டி. யாரிடம் புதிய சரக்கு இருக்கிறது? மேடையேறும் நட்சத்திரங்களின் பாடலுக்கு அதிகப் பணம் கேட்பார்கள். பெயர் தெரியாத நடன இசைப் பாடல்கள் மலிவு, வேகமாகக் கிடைக்கும், பிள்ளைகள் கேட்கிறார்கள். டெல்ஸ்டார் நிறுவனம் 1989 ஒரே ஆண்டில் 'டீப் ஹீட்' தொடரில் பல தொகுதிகள் விட்டது. 1991ல் 'தின் ஐஸ்', 1992ல் 'கேயாஸ் தியரி'. டினோ நிறுவனம் 'ஹார்ட்கோர்' என்ற சொல்லையே தலைப்பில் வைத்து 1991ல் வரிசையாக இறக்கியது.

இந்தத் தொலைக்காட்சித் தொகுப்புகளை அந்தக் கால டிஜேக்கள் ஏளனமாகப் பார்த்தார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஸ்டீவனேஜ் ஊரில் ஒருவர் தன் அறையிலிருந்து நடத்திய லேபிளின் பாடலும், பெல்ஜியத்தின் கென்ட் நகரத்திலிருந்து வந்த பாடலும் வேல்ஸ் கிராமத்துக் கடையில் ஒரே கேசட்டில் கிடைக்க வேறு வழியே இருக்கவில்லை. வானொலி நிலையங்கள் இந்த இசையை அதிகம் ஒலிபரப்பவில்லை. உரிமமில்லாத பைரேட் ரேடியோக்களின் எல்லை சில மைல் தூரம்தான்.

குறையும் உண்டு, அது ஒலியில் இருக்கிறது. இசைத்தட்டில் பாஸ் ஒலி பலமாக வேண்டும் என்றால் ஊசி ஓடும் வரிக்கோடு அகலமாக இருக்க வேண்டும். 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் சுழன்று, ஒரு பக்கத்துக்கு ஒரே பாடல் இருக்கும்போது அதற்கு இடம் தாராளம். அதே அளவுத் தட்டில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பாடல் திணித்தால் கோடு மெலிகிறது, ஒலி தணிகிறது, பாஸ் குறைகிறது. அப்புறம் ஆறு நிமிடப் பாடலை மூன்றரை நிமிடமாக வெட்ட வேண்டும். அந்த வெட்டில் முதலில் போவது முன்னும் பின்னும் இருந்த தாளப் பகுதிகள். வீட்டில் கேட்பதற்கு அது பரவாயில்லை. டிஜேக்குத்தான் அந்தத் தட்டு பயன்படாது.

## லேபிள்களின் தொகுப்புகள்

இன்னொரு பக்கம் லேபிள்களே தங்கள் சொந்தச் சரக்கைத் தொகுத்தன. இவை வேறு ரகம். பொறுக்கியவருக்கு அந்த இசை உள்ளேயிருந்து தெரியும்.

எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் 1989ல் தொடங்கிய நிறுவனம். தி பிராடிஜியும் எஸ்எல்2வும் அதன் கலைஞர்கள். 1990களின் தொடக்கத்தில் 'முதல் அத்தியாயம்', 'இரண்டாம் அத்தியாயம்' என்று எண்ணிட்டுத் தொகுப்புகள் விட்டது. பெல்ஜியம், நெதர்லாந்துப் பாடல்களைப் பிரிட்டனுக்கு உரிமம் வாங்கிக் கொண்டுவந்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. டி99 குழுவின் 'அனஸ்தாசியா' 1991ல் பிரிட்டனில் எக்ஸ்எல் வழியாகத்தான் வந்தது. (மாயா அருள்பிரகாசம், அதாவது எம்ஐஏ, 2005ல் 'அருளர்' ஆல்பத்தை வெளியிட்டதும் இதே லேபிளில்தான். ஈழத்தமிழ்ப் பெண் ஒருவர் உலகக் கவனம் பெற்ற அந்த நிறுவனத்தின் வேர் ஹார்ட்கோர் ரேவில் இருக்கிறது.)

ரீஆக்ட் லேபிளின் 'ரீஆக்டிவேட்' முதல் தொகுதி 1991ல் வந்தபோது பெல்ஜிய டெக்னோவையே தலைப்பில் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் பெல்ஜியம் ஏன் அவ்வளவு முக்கியம்? கென்ட் நகரத்தின் ஆர் அண்ட் எஸ் ரெக்கார்ட்ஸ்தான் காரணம். நியூயார்க் இளைஞர் ஜோயி பெல்ட்ராம் 'எனர்ஜி ஃப்ளாஷ்' பாடலை 1990ல் அதற்குக் கொடுத்தார். 1991ல் அவரும் முண்டோ மியூசிக்கும் 'செகண்ட் ஃபேஸ்' என்ற பெயரில் 'மென்டாசம்' செய்தார்கள். ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோ சின்தசைசரில் ஏற்கெனவே இருந்த ஓர் ஒலியைத் திரித்துச் செய்தது அது. தூசி உறிஞ்சும் இயந்திரம் இரைவது போல இருப்பதால் 'ஹூவர்' என்று பெயர் வந்தது. அதே ஆண்டு வந்த 'டாமினேட்டர்' அந்த ஒலியை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. 1991, 92ன் எந்தத் தொகுப்பை எடுத்தாலும் சில பாடல்களுக்கு ஒருமுறை இந்த இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். ஒரே ஒலி நாடுவிட்டு நாடு எப்படிப் பரவியது என்பதைத் தனித்தனி சிங்கிள்களில் கேட்டால் தெரியாது. தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது தெரிகிறது.

## 1992: ஒரு சொல் உடைகிறது

1991 ஆகஸ்டில் பிராடிஜியின் 'சார்லி' பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்தது. சிறுவர்களுக்கான ஒரு பழைய அரசு விழிப்புணர்வுக் குறும்படத்தின் பூனைக் குரல் அதில் இருந்தது. 1992ல் ஸ்மார்ட் ஈஸ் குழு சிறுவர் நிகழ்ச்சி ஒன்றின் பாட்டை எடுத்து 'செசமீஸ் ட்ரீட்' செய்து இரண்டாம் இடத்துக்கு வந்தது. ரேவ் இசை சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்டது, இனி வேண்டாம் என்று பலர் நினைத்தார்கள். மிக்ஸ்மேக் பத்திரிகை அந்த ஆண்டு 'சார்லி ரேவைக் கொன்றுவிட்டதா?' என்று அட்டையிலேயே கேட்டது.

அதே நேரத்தில் அரசின் பிடியும் இறுகியது. உரிமம் இல்லாத கூட்டங்களுக்கு 20,000 பவுண்டு வரை அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்க 1990 சட்டம் வழிசெய்திருந்தது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் இருபதாயிரத்துக்கும் மேலானோர் ஒரு வாரம் போலக் கூடியதும் அரசு இன்னும் கடுமையானது. 1994 சட்டம் 'திரும்பத் திரும்ப வரும் தாளங்களை' முதன்மையாகக் கொண்ட ஒலி என்று இசையையே விவரித்துக் கட்டுப்படுத்தியது. கூட்டம் திறந்தவெளியிலிருந்து உரிமம் பெற்ற கிளப்களுக்குள் போனது.

அப்போது ஹார்ட்கோர் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தவர்கள் பிரிந்தார்கள். எந்தப் பக்கம் யார் போனார்கள் என்பதைத் தொகுப்புகளை வைத்தே படிக்கலாம்.

1. உட்கார்ந்து கேட்பவர்கள். ஷெஃபீல்டின் வார்ப் லேபிள் 1992ல் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' விட்டது. அட்டையில் ஒரு ரோபோ நாற்காலியில் சாய்ந்து கிடக்கும், பக்கத்தில் இசைத்தட்டு உறைகள். ஆடுவதற்கு இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு கேட்பதற்கு என்று படமே சொல்லிவிட்டது. 'டைஸ் மேன்' என்ற பெயரில் அதில் இருந்தவர் அஃபெக்ஸ் ட்வின், 'அப்!' என்ற பெயரில் இருந்தவர் ரிச்சி ஹாட்டின்.

2. பிரேக்பீட்டை இறுகப் பிடித்தவர்கள். ரீஇன்ஃபோர்ஸ்டு, மூவிங் ஷேடோ, ரொம்ஃபர்டில் ஒரு ரெக்கார்டு கடையிலிருந்து வளர்ந்த சபர்பன் பேஸ். மகிழ்ச்சியான பியானோவைத் தூக்கிவிட்டு இருண்ட ஒலிகளுக்குப் போய், வேகமான பிரேக்பீட்டும் கனத்த பாஸும் கொண்ட ஜங்கிள் இசைக்கு வழிவகுத்தார்கள். சபர்பன் பேஸின் கிளை லேபிள் 1994ல் தொடங்கிய தொகுப்புத் தொடரின் தலைப்பில் 'டிரம் அண்ட் பேஸ்' இருந்தது. 'ஹார்ட்கோர்' இல்லை.

3. பியானோவை விடாதவர்கள். வேகத்தைக் கூட்டி, குரலை உயர்த்தி, கொண்டாட்டமாகவே இருந்தார்கள். இது ஹேப்பி ஹார்ட்கோர். ஹிக்ஸியும் ஷார்க்கியும் 1996ல் ரீஆக்ட் லேபிளுக்காகக் கலந்த 'பாங்கர்ஸ்' அதன் அடையாளமானது. 1997ல் கனடாவின் அனபாலிக் ஃப்ரோலிக் தொடங்கிய 'ஹேப்பி டு பி ஹார்ட்கோர்' தொடர் அதை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

4. நெதர்லாந்து. இங்கே 'ஹார்ட்கோர்' என்றால் பிரேக்பீட்டே இல்லாமல், ரோலண்ட் 909 கருவியின் கிக் டிரம்மை உடைந்துபோகும் அளவுக்குப் பெருக்கிய கேபர் இசை. 1992 அக்டோபர் 3 அன்று ஹேரன்வேன் ஊரின் தியால்ஃப் பனிச்சறுக்கு அரங்கில் ஐடி அண்ட் டி குழு முதல் 'தண்டர்டோம்' இரவை நடத்தியது. 1993 முதல் அதே பெயரில் சிடிக்கள் வந்தன. மந்திரவாதி முத்திரை பதித்த அந்த உறைகள் நெதர்லாந்துப் பள்ளிகளில் ஒரு தலைமுறையின் அடையாளச் சின்னம் ஆயின.

ஆக, 1992ல் அச்சிட்ட பிரிட்டிஷ் தொகுப்பின் 'ஹார்ட்கோர்', 1993ன் நெதர்லாந்துத் தொகுப்பின் 'ஹார்ட்கோர்', 1997ன் கனடாத் தொகுப்பின் 'ஹார்ட்கோர்' மூன்றும் வெவ்வேறு இசை. பழைய பொருள் சந்தையில் தலைப்பை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

## குத்தகைக் கணக்கு

சரி, இவை ஏன் ஸ்ட்ரீமிங்கில் இல்லை? உரிமைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும்.

1. ஒரு பாடலில் இரண்டு சொத்து. மெட்டும் வரியும் அடங்கிய இசையமைப்பு ஒன்று. அதை ஒலியாகப் பதிந்த மூலப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம்.

2. இசையமைப்புக்கான பங்கு. பிரிட்டனில் இதை எம்சிபிஎஸ் என்ற அமைப்பு வசூலித்துப் பகிர்ந்தது. வழக்கமான விகிதம், கடைக்காரருக்கு விற்கும் விலையில் 8.5 சதவீதம். ஒரு கணக்குக்காக அந்த விலையை 8 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 68 பென்ஸ் வரும். ஆல்பத்தில் 20 பாடல் இருந்தால் ஒன்றுக்கு 3.4 பென்ஸ். இது விதிப்படி நடக்கும், பெரிய சிக்கல் இல்லை.

3. மூலப்பதிவுக்கான உரிமம். சிக்கல் இங்கேதான். தொகுப்பு நிறுவனம் ஒவ்வொரு லேபிளோடும் தனித்தனி ஒப்பந்தம் போடுகிறது. முன்பணம் இவ்வளவு, பங்கு இவ்வளவு, இந்த நாடுகளில் மட்டும், இந்தத் தலைப்பில் மட்டும், இத்தனை ஆண்டுகள் மட்டும். காலம் முடிந்தால் கையிருப்பை விற்றுத் தீர்க்கச் சிறிது அவகாசம், அவ்வளவுதான். பாடலைத் தொகுப்பு நிறுவனம் வாங்குவதே இல்லை.

4. எழுதப்படாத ஊடகம். 1991 ஒப்பந்தத்தில் இசைத்தட்டு, கேசட், சிடி என்று இருக்கும். இணையத்தில் ஒலிபரப்புவது பற்றி யார் அப்போது எழுதியிருப்பார்கள்? அதனால் இன்று அதே தொகுப்பை ஸ்ட்ரீமிங்கில் ஏற்ற வேண்டுமானால் இருபது பாடலுக்கும் முதலிலிருந்து பேச வேண்டும்.

5. பேசுவதற்கு ஆள் வேண்டும். இருபது லேபிளில் பாதி மூடியிருக்கும். சில கைமாறியிருக்கும். கைப்பட எழுதிய ஒப்பந்தத்தோடு நின்றவையும் உண்டு. தொகுத்த நிறுவனமே இல்லாமல் போவதும் நடக்கிறது. டெல்ஸ்டார் 2004ல் திவாலானது. ஒரு பாடலுக்கு மட்டும் அனுமதி கிடைக்காவிட்டாலும் ஆல்பம் முழுமையாக வராது. வந்தாலும் அந்த இடம் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

இதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது: சாம்பிள், அதாவது வேறொரு பாடலிலிருந்து வெட்டி எடுத்த ஒலித் துண்டு. ஹார்ட்கோர், ஜங்கிள் இசையின் முதுகெலும்பு 'ஆமென் பிரேக்' என்ற தாளத் துண்டு. வாஷிங்டனின் தி வின்ஸ்டன்ஸ் குழு 1969ல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாடலின் நடுவில் டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கும் சுமார் ஏழு விநாடி அது. ஆயிரக்கணக்கான பாடல்கள் அந்த ஏழு விநாடியின் மேல் நிற்கின்றன. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006ல் அவர் வறுமையில் இறந்தார். பாடல் உரிமை பெற்றிருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015ல் பிரிட்டிஷ் டிஜேக்கள் முயற்சியெடுத்து மக்களிடம் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. கோல்மனின் கையிலிருந்து வந்த தாளத்துக்கு இவ்வளவு பேர் ஆடியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனது கனக்கிறது.

500 பிரதி ஒயிட் லேபிள் அடித்தபோது சாம்பிளுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு இல்லை. அது தொகுப்பில் போய் லட்சம் வீடுகளுக்குள் நுழைந்தபோதும் சிலது கவனிக்கப்படாமல் தப்பியது. ஸ்ட்ரீமிங்கில் ஏற்றும்போது தப்பிக்க முடியாது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கிடைக்கும், ஒலியை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது, ஏற்றுகிறவர் எல்லா உரிமையும் தன்னிடம் இருப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். ஹிப்ஹாப்பில் டி லா சோல் குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களே சாம்பிள் சிக்கல் தீர்ந்து 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. படுக்கையறை லேபிளுக்கு யார் இருக்கிறார்?

## கிடைத்ததைச் சரிபார்க்க

பாடலின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது பல வடிவங்களில் உலவுகிறது. தேடுகிறவர்கள் இவற்றைப் பார்த்தால் போதும்.

1. நீளம். மூன்றரை நிமிடம் என்றால் வெட்டிய தொகுப்பு வடிவம். ஐந்து, ஆறு நிமிடம் என்றால் 12 அங்குல மூலமாக இருக்கும்.
2. தலைப்பின் பின்னொட்டு. ரீமிக்ஸ் என்றால் வேறொருவர் மாற்றிச் செய்தது. பல பாடல்களில் தட்டின் மறுபக்கத்தில் (பி பக்கத்தில்) இருந்த ரீமிக்ஸ்தான் மூலத்தைவிடப் புகழ்பெற்றது.
3. வெளியான ஆண்டு. 1991 பாடலுக்குச் செயலி 2010க்குப் பிந்தைய ஆண்டைக் காட்டினால், மறுவெளியீடாகவோ அதே கலைஞர் திரும்பச் செய்த புதிய பதிவாகவோ இருக்கலாம். பழைய உரிமை கையில் இல்லாதவர்கள் சில சமயம் பாடலையே புதிதாகப் பதிவுசெய்கிறார்கள்.
4. கலந்த தொகுப்பா, தனித்தனிப் பாடலா. 'பாங்கர்ஸ்' போல டிஜே கலந்த சிடியில் ஒரு பாடலின் வேகமே அடுத்ததற்கு ஏற்ப மாறியிருக்கும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பல லேபிள்களின் தொகுப்புகளைவிட, தன் சொந்தப் பதிவுகளை வைத்து ஒரே லேபிள் செய்த தொகுப்புகள் எளிதாக உயிர்பெறுகின்றன. பேச வேண்டியவர்கள் குறைவு என்பதுதான் காரணம். சபர்பன் பேஸின் 1991 முதல் 1997 வரையான பாடல்கள் 2014ல் ஒரு பெரிய தொகுப்பாக வந்தன. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' முப்பதாவது ஆண்டில், 2022ல், மறுபடி இசைத்தட்டாக அச்சானது. தொலைக்காட்சித் தொகுப்புகளுக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. அவற்றை வைத்திருப்பது பழைய சிடிக்களும் கேசட்டுகளும்தான்.

பிரிட்டனில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்புக் காலத்தை 2013ல் ஐம்பது ஆண்டிலிருந்து எழுபது ஆண்டாக நீட்டினார்கள். அந்தக் கணக்கில் 1991ல் வெளியான ஒரு ஹார்ட்கோர் பாடலின் மூலப்பதிவு 2061 கடைசியில்தான் பொதுவுடைமையாகும். அதுவரை, உரிமையாளர் யார் என்றே தெரியாத பாடலையும் உரிய அனுமதி இல்லாமல் சட்டப்படி யாரும் மறுபடி வெளியிட முடியாது. ஆகவே அந்தக் கால கேசட்டோ சிடியோ பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் காந்தப்பூச்சு 2061 வரை தாங்காது. இப்போதே டிஜிட்டலாக மாற்றி, உறையையும் இருபக்கம் படமெடுத்து வையுங்கள். எந்தப் பாடல் எந்த லேபிளிலிருந்து வந்தது என்ற தகவல் பல சமயம் அந்த உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.